விவாத இழை: நல்ல படம்தான், ஆனால் போஸ்டராக்கினால் சொதப்புகிறது. ஏன்?

ஜன்னலோரம் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். இத்தனை நாளும் மற்றவர்கள் எழுதுவதை வாசித்துவிட்டுச் சத்தமில்லாமல் போய்க்கொண்டிருந்தேன். இதுதான் என் முதல் இழை.

ஏழு மாதமாக ஒரு நாளைக்கு ஒரு படம் என்று போனில் எடுத்து வருகிறேன். தனியாகக் கேமரா கிடையாது. பெரிதாக எதையும் தேடிப் போவதும் இல்லை. படிக்கட்டில் விழும் நிழல், சைக்கிள் சீட்டில் தேங்கிய தண்ணீர், பாதி திறந்த கதவு, இப்படித்தான். ஆரம்பத்தில் கண்ணில் பட்டதையெல்லாம் எடுத்தேன். இப்போது போனைத் தூக்கும்போதே இது தேறாது என்று தெரிந்துவிடுகிறது. அவ்வளவுதான் முன்னேற்றம்.

போன வாரம் எங்கள் வாசகர் கூட்டத்துக்கு ஒரு போஸ்டர் வேண்டும் என்றார்கள். "நீதான் தினமும் படம் எடுக்கிறாயே, நீயே செய்துவிடு" என்று என் தலையில் கட்டிவிட்டார்கள். நானும் சந்தோஷமாகத் தலையாட்டினேன். இருப்பதிலேயே எனக்குப் பிடித்த படத்தை எடுத்தேன். மழை நேரம், ஜன்னல் கண்ணாடி முழுக்கத் துளிகள், அந்தப் பக்கம் மங்கலாக ஒரு சிவப்புக் குடை போகிறது. அதன்மேல் வெள்ளை எழுத்தில் 'வாசகர் கூட்டம்' என்று போட்டு, தேதி, நேரம், இடம் எல்லாம் சேர்த்தேன்.

பார்க்கச் சகிக்கவில்லை. எழுத்து படத்தைக் கெடுக்கிறது, படம் எழுத்தை விழுங்குகிறது. ஒன்றரை மணி நேரம் எழுத்தை மேலும் கீழும் நகர்த்திப் பார்த்தேன். நிழல் கொடுத்தேன். பின்னால் கறுப்புப் பட்டை போட்டேன், அது டிவி செய்தியில் கீழே ஓடும் வரி மாதிரி ஆகிவிட்டது.

படம் எடுப்பதும் டிசைன் செய்வதும் வேறு வேறு வேலைகளா? ஒன்று பழகினால் மற்றது தானாக வந்துவிடும் என்று நினைத்தது என் தப்பா? வெறும் படம், போஸ்டர் இரண்டையும் இணைத்திருக்கிறேன். தயங்காமல் திட்டலாம்.

---

கட்டம்போடுபவர் எழுதியது:

வாருங்கள். திட்டுவதற்கு ஒன்றும் இல்லை, படம் நன்றாக இருக்கிறது. சிக்கலே அதுதான்.

உங்கள் படத்தில் மூலைக்கு மூலை துளி. ஒவ்வொரு துளிக்குள்ளும் ஒரு வெள்ளைப் புள்ளி, சுற்றி ஒரு கறுப்பு ஓரம். அதன்மேல் வெள்ளை எழுத்து போட்டால் வெள்ளையில் கரையும், கறுப்பு போட்டால் ஓரத்தில் கரையும். நீங்கள் போட்ட நிழலும் பட்டையும் முதலுதவிதான், வைத்தியம் இல்லை. கண்ணைப் பாதி மூடிக்கொண்டு போஸ்டரைப் பாருங்கள். எழுத்து இருக்கும் இடம் தெரியவே தெரியாது.

பத்திரிகை அட்டைக்கும் விளம்பரத்துக்கும் படம் எடுப்பவர்கள் ஒரே காட்சியைப் பல விதமாக எடுத்து வைப்பார்கள். முதலில் தங்களுக்காகப் படச்சட்டம் நிறைய ஒன்று. அப்புறம் இரண்டடி பின்னால் தள்ளி நின்று, மேலே வெறுமையாக விட்டு ஒன்று, பக்கவாட்டில் விட்டு ஒன்று. இதைக் காப்பி ஸ்பேஸ் என்பார்கள், எழுத்துக்கு விட்ட இடம். சுவர், வானம், மூடுபனி, தண்ணீர், ஃபோகஸ் இல்லாத பச்சை, எதுவாக இருந்தாலும் சரி. கண்ணுக்கு அங்கே வேலை இருக்கக் கூடாது.

வேறு வேறு வேலைகளா என்று கேட்டீர்கள். ரஷ்யாவின் ரோட்சென்கோ என்ற டிசைனர் முதலில் மற்றவர்கள் எடுத்த படங்களை வெட்டி ஒட்டித்தான் அட்டைகள் செய்துகொண்டிருந்தார். 1924-இல் தானே கேமராவைக் கையில் எடுத்தார். அடுத்த வருடம் தான் குடியிருந்த கட்டடத்தின் பால்கனிகளைக் கீழே நின்று அண்ணாந்து எடுத்தார். அந்தப் படங்களைப் பார்த்தால் பால்கனி என்றே தோன்றாது, யாரோ ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட மாதிரி இருக்கும். டிசைன் பழகிய கண் கேமராவுக்குள் போனால் அப்படித்தான் ஆகும். உங்களுக்கு அது எதிர்ப்பக்கத்திலிருந்து நடக்கப் போகிறது.

---

ஃபிலிம்சுருள் எழுதியது:

கட்டம்போடுபவர் சொல்வதை ஏற்க மாட்டேன்.

தம்பி, உங்கள் மழைப் படம் முழுமையான படம். எழுத்துக்கு இடம் விட்டு எடு என்பது, யாரோ வந்து உட்காரப் போகிறார்கள் என்று நாற்காலியைக் காலியாக வைத்து வீட்டைப் படம் எடுப்பது போல. நான் 36 படச் சுருளில் பழகியவன். ஒரு சுருளில் 36, அவ்வளவுதான். சட்டத்துக்குள் என்ன இருக்க வேண்டும் என்பதை அழுத்துவதற்கு முன்பே முடிவு செய்துவிட வேண்டும். பிறகு வெட்டுவது, ஒட்டுவது, மேலே எழுதுவது எல்லாம் எடுக்கும்போது யோசிக்காதவன் செய்யும் வேலை. பிரெஞ்சுப் புகைப்படக்காரர் கார்ட்டியே-பிரெசோன் தன் படங்களை யாரையும் வெட்ட விடமாட்டார். அந்த ஒழுக்கம் வேண்டும்.

போஸ்டருக்குப் படமே வேண்டாம். வெறும் எழுத்து போதும்.

---

ஜன்னலோரம் எழுதியது:

ஐயா, தம்பி இல்லை, தங்கை :)

"வெறும் எழுத்து போதும்" என்றதும் கொஞ்சம் ஆறுதலாகத்தான் இருந்தது. ஆனால் அது தப்பித்துக்கொள்வது மாதிரியும் இருக்கிறது.

---

ஃபிலிம்சுருள் எழுதியது:

மன்னிக்க வேண்டும் அம்மா. மற்றபடி சொன்னதில் மாற்றமில்லை.

---

மைதடவி எழுதியது:

ஃபிலிம்சுருள் ஐயாவுக்கு ஒரு சின்ன எதிர்வாதம். கார்ட்டியே-பிரெசோன் 1932-இல் பாரிஸில் சென் லசார் ரயில் நிலையத்துக்குப் பின்னால் எடுத்த படத்தில், தேங்கிய தண்ணீரைத் தாண்டி ஒருவர் குதிப்பாரே, அது வெட்டப்பட்ட படம். பலகை வேலியின் சந்து வழியாக எடுத்தார், பலகை இடது பக்கத்தை மறைத்துவிட்டது, வெட்டினார். வெட்டவே கூடாது என்றவருடைய மிகப் புகழ்பெற்ற படமே வெட்டிய படம்தான்!

இன்னொன்றும் சொல்கிறேன். ப்ளூ நோட் என்ற ஜாஸ் இசைத்தட்டு நிறுவனத்துக்கு 1950-களிலும் 60-களிலும் அட்டை செய்தவர் ரீட் மைல்ஸ். படம் எடுத்தவர் பிரான்சிஸ் வுல்ஃப், நிறுவனத்தை நடத்திய இருவரில் ஒருவர். வுல்ஃப் பதிவரங்கில் நின்று, இருட்டும் வெளிச்சமுமாக இசைக்கலைஞர்களை அருமையாக எடுப்பார். மைல்ஸ் அதை எடுத்து நெற்றியை வெட்டுவார், பாதி முகத்தை வெட்டுவார், முழுப் படத்தையும் ஒரே நீலத்தில் முக்குவார், மிச்சமுள்ள இடத்தில் எழுத்தைப் பிரம்மாண்டமாக நிறுத்துவார். தன் படங்களை இப்படி வெட்டுவதில் வுல்ஃபுக்கு வருத்தம் உண்டு. நான் அவர் இடத்தில் இருந்திருந்தால் சண்டையே போட்டிருப்பேன். ஆனால் அந்த அட்டைகளை இன்றைக்கும் டிசைன் படிப்பவர்கள் எடுத்து வைத்துப் பார்க்கிறார்கள்.

வெட்டுவது பாவம் இல்லை. எதை வெட்டுகிறோம் என்று தெரியாமல் வெட்டுவதுதான் பாவம்.

---

மெய்யெழுத்து எழுதியது:

எல்லோரும் படத்தைப் பற்றியே பேசுகிறீர்கள். நான் எழுத்துப் பைத்தியம், என் கண் முதலில் எழுத்துக்குத்தான் போனது.

ஜன்னலோரம், உங்கள் போஸ்டரைப் பெரிதாக்கிப் பாருங்கள். 'வாசகர்' என்பதில் 'ச'வின் தலைக்கு மேல் ஒரு மழைத்துளி, அளந்து வைத்த மாதிரி உட்கார்ந்திருக்கிறது. அடுத்து 'கூட்டம்' என்பதில் 'ட்'டின் புள்ளி, துளிகளோடு துளியாகக் காணாமல் போய்விட்டது. நான் முதலில் வாசித்தது 'வாச்கர் கூடடம்'. சத்தியமாக.

தமிழை மழைத்துளி மேலும் இலைக் கூட்டத்தின் மேலும் போட்டால் இதுதான் கதி. ஆங்கிலத்தில் 'ஐ'யின் தலைப்புள்ளி போனாலும் சொல் பிழைத்துக்கொள்ளும். நமக்குப் புள்ளி போனால் மெய் உயிர்மெய் ஆகிவிடும், 'கல்' 'கல' ஆகிவிடும். அதனால் பொடிப்பொடியாக மின்னும் எதன்மேலும் தமிழை வைக்காதீர்கள். இரவு விளக்குகள், மணல், பூத்தூவல் எல்லாம் இதில் சேர்த்தி.

இன்னும் இரண்டு மூன்று தவறுகள். எழுத்துகளுக்கு நடுவே இடைவெளியை இழுத்து விட்டிருக்கிறீர்கள். ஆங்கிலப் பெரிய எழுத்தில் அது மிடுக்காக இருக்கும், அதைப் பார்த்துத்தான் செய்திருப்பீர்கள். தமிழில் அப்படி இழுத்தால் 'கொ' என்ற ஓரெழுத்து ஒற்றைக்கொம்பு, 'க', துணைக்கால் என்று மூன்றாகச் சிதறி நிற்கும். வரி இடைவெளியோ நேர்மாறாகக் குறுகியிருக்கிறது. மேல்வரியில் 'கூ'வின் வால் கீழ்வரித் தேதியின் 'தே'யை இடிக்கிறது. ஆங்கிலத்துக்கு எழுத்தளவில் 1.2 மடங்கு போதும். தமிழுக்கு 1.4-இல் தொடங்கிக் கண்ணால் சரி பாருங்கள்.

எழுத்துரு மெலிதாக இருப்பதும் ஒரு காரணம். கூகுள் ஃபான்ட்ஸில் கட்டமரான், முக்த மலர், நோட்டோ சான்ஸ் தமிழ் எல்லாம் இலவசமாகவே கிடைக்கின்றன. கட்டமரானில் மெலிந்ததிலிருந்து தடித்தது வரை ஒன்பது கனம் உண்டு. ஒரே குடும்பத்தில் தலைப்புக்குத் தடித்தது, விவரத்துக்கு நடுத்தரம் என்று எடுத்தாலே பாதி வேலை முடிந்துவிடும். மூன்று நான்கு எழுத்துருவைக் கலக்க வேண்டாம், தயவுசெய்து.

---

புதுமுகம்22 எழுதியது:

இடையில் ஒரு சந்தேகம். எனக்கு ஃபோட்டோஷாப்பில் தமிழ் போட்டால் கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம் போய் நிற்கிறது. எழுத்துரு மாற்றியும் சரியாகவில்லை.

---

மெய்யெழுத்து எழுதியது:

எழுத்துரு மேல் தப்பில்லை. 2022-க்கு முந்தைய பதிப்பு என்றால் பிரிஃபரன்சஸில் டைப் பகுதிக்குப் போய் வேர்ல்ட்-ரெடி லேஅவுட் என்பதைத் தேர்ந்தெடுங்கள். இன்னும் பழைய பதிப்பு என்றால் அதே இடத்தில் மிடில் ஈஸ்டர்ன் அண்ட் சவுத் ஏஷியன் என்று இருக்கும். அப்புறம் புதுக் கோப்பு திறந்து தட்டச்சிடுங்கள். பழைய கோப்பில் உடைந்து கிடக்கும் வரிகள் தானாகச் சரியாகாது, அந்தப் பத்திக்கு மட்டும் கம்போஸரை, அதாவது வரிகளை அமைக்கும் முறையை, மாற்ற வேண்டியிருக்கும். போஸ்டர் அளவுக்கு மட்டும்தான் தேவை என்றால் இன்க்ஸ்கேப் என்ற மென்பொருள் போதும், அதில் இந்தத் தொல்லை கிடையாது.

---

சும்மாவந்தவன் எழுதியது:

ஏஐ-யிடம் "மழை ஜன்னல், சிவப்புக் குடை, மேலே இடம்" என்று சொன்னால் பத்து விநாடியில் தந்துவிடும். இதற்கு இரண்டு பக்கம் விவாதமா?

---

ஜன்னலோரம் எழுதியது:

தரும். ஆனால் அந்தக் குடை போனபோது நான் ஜன்னலில் நின்றுகொண்டிருந்தேன். எனக்கு அந்தக் குடைதான் வேண்டும்.

---

கட்டம்போடுபவர் எழுதியது:

அப்படியானால் அதே ஜன்னலுக்கே போங்கள். சால் லைட்டர் என்று ஒருவர். ஓவியராக வேண்டும் என்று 1946-இல் நியூயார்க் வந்தார், கேமராவையும் பிடித்துக்கொண்டார். தான் குடியிருந்த வீட்டைச் சுற்றியுள்ள சில தெருக்களிலேயே பல வருடம் எடுத்தார். நனைந்த கண்ணாடி, ஆவி படிந்த கண்ணாடி, பனி, குடை. அவருடைய பல படங்களில் முக்கால்வாசி இடம் ஒன்றுமில்லாமல் மங்கலாக இருக்கும், ஒரு ஓரத்தில் சிவப்பாக ஏதோ ஒன்று. அந்த வண்ணப் படங்கள் புத்தகமாக வந்தபோது 2006 ஆகிவிட்டது, அவருக்கு எண்பது வயது தாண்டிவிட்டது. அவர் யாருடைய போஸ்டருக்காகவும் இடம் விடவில்லை. ஓவியருக்கு வெறுமையும் ஒரு வண்ணம், அதனால் விட்டார். ஃபிலிம்சுருள் ஐயாவுக்கும் இதில் மறுப்பு இருக்காது என்று நினைக்கிறேன்.

---

ஃபிலிம்சுருள் எழுதியது:

லைட்டரில் மறுப்பு இல்லை. போஸ்டரில்தான்.

---

ஜன்னலோரம் எழுதியது:

நேற்று சாயங்காலம் நல்ல மழை. விடவில்லை, எடுத்துவிட்டேன். கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் இவ்வளவு நேரம் ஒரே படத்துக்காக நான் நின்றதே இல்லை.

முதலில் பின்னால் தள்ளி நின்று பார்த்தேன். ஜன்னல் சட்டம், திரைச்சீலை, சுவரில் ஒரு ஆணி எல்லாம் உள்ளே வந்துவிட்டன. இடம் கிடைத்தது, படம் போய்விட்டது. அப்புறம் லைட்டரின் ஆவி படிந்த கண்ணாடி ஞாபகம் வந்தது. கண்ணாடிக்குப் பக்கத்தில் போய் 'ஹா' என்று ஊதினேன். துளிகள் வெளிப்பக்கம், ஆவி உள்பக்கம். ஆவி படிந்த இடத்தில் பின்னால் இருக்கும் துளிகள் எல்லாம் கரைந்து ஒரே சாம்பல் நிறமாகிவிட்டன. கட்டம்போடுபவர் சொன்ன சுவர் கண்ணாடிக்குள்ளேயே இருந்திருக்கிறது!

ஆனால் ஆவி பத்துப் பதினைந்து விநாடிதான் நிற்கிறது. ஓரத்திலிருந்து சுருங்கத் தொடங்கிவிடும். மேல் பாதி முழுவதும் மூட நாலைந்து தடவை ஊத வேண்டும், அதற்குள் முதலில் ஊதியது மறைந்துவிடும். தலை சுற்றியது. கடைசியில் கெட்டிலில் தண்ணீர் சுடவைத்துக் கொண்டுவந்து, ஜன்னல் திண்டில் ஆவி போகும்படி வைத்தேன். இப்போது மேலே மூன்றில் இரண்டு பங்கு வெண்சாம்பல், கீழே மட்டும் துணியால் துடைத்துவிட்டேன், அங்கே துளிகள் தெளிவாக.

போன் தானாக ஃபோகஸ் தேடி ஒரு தடவை துளிக்கும் ஒரு தடவை தெருவுக்கும் அலைந்தது. ஒரு துளி மேல் விரலை அழுத்திப் பிடித்துப் பூட்டினேன். அப்படியே விரலைக் கீழே இழுத்து வெளிச்சத்தைக் குறைத்தேன், இல்லாவிட்டால் ஆவி வெளுத்துப் போய்ச் சிவப்பும் செத்துவிடுகிறது.

எல்லாம் தயார், குடை வரவில்லை. நாற்பது நிமிடம் நின்றேன். ஒன்பது குடை போயிற்று, ஒன்பதும் கறுப்பு. கடைசியில் என் தம்பியிடம் சிவப்புக் குடையைக் கொடுத்துத் தெருவில் நடக்கவிட்டேன். எதற்கு என்று கேட்டான், சொன்னேன், இரண்டாவது நடையில் வேண்டுமென்றே நொண்டிக்கொண்டு போனான். மொத்தம் 43 படம். தேறியது இரண்டு.

இணைத்திருக்கிறேன். ஒன்று சொல்ல வேண்டும். முதல் குடை தானாக வந்தது, இது நான் வரவழைத்தது. இதைப் பார்க்கும்போது பெருமையாக இருக்கிறது. அதைப் பார்த்தால் வேறு மாதிரி இருக்கிறது, எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

---

ஃபிலிம்சுருள் எழுதியது:

உங்களுக்கே தெரிந்துவிட்டது அம்மா. முதலாவது நீங்கள் பார்த்தது. இரண்டாவது நீங்கள் செய்தது.

இரண்டாவதும் நன்றாகத்தான் வந்திருக்கிறது. ஆனால் உங்கள் தினப்படக் கணக்கில் இதைச் சேர்க்காதீர்கள்.

---

மெய்யெழுத்து எழுதியது:

அருமை! இப்போது எழுத்துக்கு வருவோம். பின்னணி வெளிர் சாம்பல், அதனால் வெள்ளை எழுத்தை மறந்துவிடுங்கள். தலைப்பைக் குடையின் சிவப்பில் போடத் தோன்றும். எனக்கும் தோன்றியது, போட்டும் பார்த்தேன், தப்பு. முழுப் படத்திலும் சிவப்பு ஒரே இடத்தில் இருப்பதால்தான் கண் அங்கே ஓடுகிறது. எழுத்தும் சிவப்பானால் குடைக்கு வேலை இல்லாமல் போய்விடும். கீழே இடது மூலையில் நனைந்த மரம் ஒன்று இருக்கிறது பாருங்கள், ஏறக்குறையக் கறுப்பான பச்சை. அதைக் கலர் பிக்கரால் எடுத்து எழுத்துக்குக் கொடுங்கள். எழுத்து அந்தப் படத்திலிருந்தே முளைத்த மாதிரி இருக்கும்.

நடுவில் நிறுத்தாமல் இடது ஓரத்தில் ஒரே கோட்டில் எல்லா வரியும் தொடங்கட்டும். தலைப்பு பெரிது, மற்ற எல்லாம் ஒரே அளவு. 'அனைவரும் வருக' வேண்டாம். போஸ்டர் ஒட்டினாலே அனைவரும் வருக என்றுதான் அர்த்தம்.

---

மைதடவி எழுதியது:

அச்சடிக்கும் ஆள் என்ற முறையில் சில விஷயங்கள். போன் படம் 4-க்கு 3 விகிதம், ஏ வரிசைத் தாள் 1-க்கு 1.414. அதனால் பக்கவாட்டில் கொஞ்சம் வெட்டுப்படும். உங்கள் படம் 3024-க்கு 4032 பிக்சல் என்றால் இரண்டு பக்கமும் சேர்த்து 170 பிக்சல் அளவுக்குப் போகும். எழுத்தை ஓரத்தில் ஒட்டி வைக்காதீர்கள். தாளின் விளிம்பு வரை படம் வர வேண்டும் என்றால் சுற்றிலும் 3 மில்லிமீட்டர் கூடுதலாக விட்டுக் கொடுங்கள், வெட்டும்போது கத்தி கொஞ்சம் நகரத்தான் செய்யும்.

ஏ4-க்கு 300 டிபிஐ, அதாவது ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளி, வேண்டுமானால் 2480-க்கு 3508 பிக்சல், உங்களிடம் தாராளமாக இருக்கிறது. ஏ3 என்றால் 240 சொச்சம்தான் வரும். சுவரில் தள்ளி நின்று பார்க்கும் போஸ்டருக்கு அது போதும், யாரும் மூக்கை வைத்துப் பார்க்கப் போவதில்லை.

திரையில் மின்னும் சிவப்பு தாளில் ஒரு படி மங்கும். திரை ஒளியைத் தருவது, தாள் விழும் ஒளியைத் திருப்புவது. ஒரு பிரதி எடுத்துப் பார்த்துவிட்டு மிச்சத்தை அடியுங்கள். அப்புறம், கோப்பை மெசேஜ் செயலியில் படமாக அனுப்பாதீர்கள், சுருக்கிவிடும். டாக்குமென்டாக அனுப்புங்கள். இந்த ஒன்றை மட்டும் தினமும் சொல்லிச் சொல்லி வாய் வலிக்கிறது.

---

ஜன்னலோரம் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. போஸ்டர் அச்சாகி ஒட்டியாயிற்று. மெய்யெழுத்து சொன்ன கரும்பச்சை, இடது ஓரம், கட்டமரான். சிவப்பு மங்கியது, ஆனால் மழைக்கு அதுவே பொருத்தமாக இருக்கிறது. யாரும் 'வாச்கர்' என்று வாசிக்கவில்லை.

ஒரே ஒரு விபத்து. கூட்டத்தை ஐந்து மணியிலிருந்து ஐந்தரைக்கு மாற்றிவிட்டார்கள். எனக்குச் சொல்லவில்லை. இன்று காலை போய்ப் பார்த்தால், நான் மூச்சு முட்ட ஊதி, தண்ணீர் சுடவைத்து உண்டாக்கிய அந்த வெற்றிடத்தில் யாரோ நீலப் பேனாவால் '5.30க்கு மாற்றப்பட்டுள்ளது' என்று கோணலாக எழுதி, இரண்டு தடவை அடிக்கோடும் போட்டு வைத்திருக்கிறார்கள்.

---

கட்டம்போடுபவர் எழுதியது:

காப்பி ஸ்பேஸ் வேலை செய்திருக்கிறது :)

---

ஃபிலிம்சுருள் எழுதியது:

அதைக் கிழித்து எறிந்துவிட்டுப் புதிது ஒட்டுவதற்கு முன்னால், அந்தப் பேனா எழுத்தோடு சேர்த்து ஒரு படம் எடுத்து வையுங்கள் அம்மா.

---

ஜன்னலோரம் எழுதியது:

எடுத்துவிட்டேன் ஐயா. இன்றைய கணக்கில் அதுதான்.